பெட்டிக்குள் பொருத்தம் பார்த்தல்

தேர்வு முடிவுகள் வெளிவந்து, கல்லூரிச் சேர்க்கைக்கான அலைச்சலும் ஒருவாறு ஓய்ந்ததும், நம் குடும்பங்கள் பலவற்றில் அடுத்த கேள்வி எழுகிறது: "பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டுமே, எதை வாங்குவது?" மடிக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுவது எளிய வழி. ஆயினும் கட்டடக் கலை, காட்சித் தொடர்பியல், பொறியியல் வரைவு முதலியவற்றைப் பயிலும் பிள்ளைகள் தங்கள் பாடத்திற்குரிய பளுவான மென்பொருள்களை இயக்க மேசைக் கணிப்பொறியே ஏற்றது என்கின்றனர். அதனையும் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி அமைத்துக்கொண்டால் அதே தொகைக்குக் கூடுதல் ஆற்றல் கிட்டும் என்று வாதிடுகின்றனர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. பின்னாளில் ஓர் உறுப்பு பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். ஆற்றல் போதவில்லையெனில் ஒன்றைக் கூட்டலாம். ஆனால் இந்தத் தொகை பெரும்பாலும் முடிந்த சீட்டுப் பணமாகவோ, அடகுக்குச் சென்ற தாயின் வளையலாகவோ இருப்பதால், கடைக்குச் செல்லுமுன் பெற்றோரும் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நன்று. கணிப்பொறி நூல்களைக் கற்றுத் தேர வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் எவை என்று தெரிந்தால் போதும்.

வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த உறுப்புகள் ஒரே பெட்டிக்குள் இணைந்து இயங்குவதே ஒரு வியப்பு. இதற்கு வித்திட்டது ஐபிஎம் நிறுவனம். 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் அது வெளியிட்ட தனியாள் கணிப்பொறி, விரைவாக முடிக்கப்பட வேண்டியிருந்ததால், பிறர் செய்து விற்ற உறுப்புகளைக் கொண்டே அமைக்கப்பட்டது. அதன் பிராசஸர் இன்டெல் நிறுவனத்தினுடையது. உட்புற அமைப்பைப் பற்றிய விவரங்களையும் ஐபிஎம் மறைக்காமல் அச்சிட்டு வெளியிட்டது. மறு ஆண்டே காம்பாக் என்னும் புதிய நிறுவனம் அதற்கு ஒத்த பொறியை அறிவித்தது. பிறகு உலகெங்கும் அவ்வகைப் பொறிகள் பெருகின. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் என்னும் அளவுமுறை, மதர்போர்டின் நீள அகலம், அதனைப் பொருத்தும் துளைகளின் இடம், மின்சாரம் வந்து சேரும் வகை ஆகியவற்றை வரையறுத்தது. இன்று சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் மதர்போர்டு, டில்லி நேரு பிளேசில் வாங்கிய கேபினெட்டில் சென்று அமர்வது அதனால்தான்.

அளவுமுறை ஒன்று இருப்பதனால் எல்லாம் எல்லாவற்றோடும் சேர்ந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. திருமணத்திற்குச் சாதகப் பொருத்தம் பார்ப்பதில் நமக்கு நம்பிக்கை இல்லை (சிலர் ஓசையின்றிப் பார்த்துவிட்டுத்தான் வருகின்றனர் என்பது வேறு செய்தி). இந்தப் பெட்டிக்குள் மட்டும் பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும். அதுவும் பணம் கொடுப்பதற்கு முன்பே.

முதற்பொருத்தம் பிராசஸருக்கும் மதர்போர்டுக்கும் உரியது. பிராசஸர் சென்று அமரும் சதுர இருக்கைக்குச் சாக்கெட் என்று பெயர். இன்டெல் பிராசஸர்களில் 12, 13, 14ஆம் தலைமுறையினவற்றுக்கு எல்ஜிஏ 1700 என்ற சாக்கெட்டு. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் வகைகளில் பழைய வரிசைகளுக்கு ஏஎம்4, புதிய வரிசைகளுக்கு 2022இல் வந்த ஏஎம்5. இவற்றில் ஒன்றுக்குரிய பிராசஸர் மற்றொன்றில் அமராது. எண்ணைப் பார்த்து வாங்கினால் தொல்லையில்லையே எனலாம். எண் ஒத்திருந்தும் பொருந்தாத இடமும் உண்டு. 2015இல் வந்த 6ஆம் தலைமுறைக்கும், 2017இன் இறுதியில் வந்த 8ஆம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151 என்பதே. தொடுமுனைகளின் எண்ணிக்கையும் 1151 தான். ஆயினும் 8ஆம் தலைமுறைப் பிராசஸரை முந்தைய 100 அல்லது 200 வரிசை மதர்போர்டில் வைத்தால் பொறி உயிர்பெறாது. அதற்கு 300 வரிசை மதர்போர்டு வேண்டும். பழைய பொருள் வாங்குவோர் இன்றும் இதில் இடறுகின்றனர்.

சாக்கெட்டு பொருந்தியபின்னும் ஒரு தடை எஞ்சியிருக்கிறது. மதர்போர்டில் பயாஸ் என்னும் சிறு நிரல் பதிந்திருக்கும். மதர்போர்டு தொழிற்சாலையை விட்டு வெளிவந்த பின்னர் பிறந்த பிராசஸரை அந்த நிரல் அடையாளம் காண்பதில்லை. நிரலைப் புதுப்பித்தால் கண்டுகொள்ளும்; புதுப்பிப்பதற்கோ பொறி முதலில் இயங்க வேண்டும்! இந்தச் சிக்கல் எத்துணைப் பெரிதாயிற்று எனில், 2018இல் ஏஎம்டி நிறுவனமே, புதிய பிராசஸர் வாங்கித் தவித்தோருக்கு, பழைய பிராசஸர் ஒன்றைத் தற்காலிகமாகக் கடன் கொடுத்து உதவ நேர்ந்தது. இப்போது பல மதர்போர்டுகளில், பிராசஸர் இல்லாமலே பென்டிரைவ் வழியாகப் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் உள்ளது. அஃது இல்லாத மதர்போர்டை வாங்குவோர், "இந்தப் பிராசஸருக்கு ஏற்றவாறு பயாஸ் புதுப்பிக்கப்பட்டுள்ளதா?" என்று கடைக்காரரிடம் கேட்டு, அவரே புதுப்பித்துத் தரும்படி செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு மதர்போர்டும் எந்தெந்தப் பிராசஸரை, எந்தப் பயாஸ் பதிப்பு முதல் ஏற்கும் என்ற பட்டியலைச் செய்த நிறுவனமே தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து அப்பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆகலாம், ஆகட்டும்.

அமர்வது வேறு, நன்கு உழைப்பது வேறு. இன்டெல் ஐ9-13900கே என்ற பிராசஸர் முழுவேகத்தில் 253 வாட் வரை மின்சாரம் கொள்ளும். எச்610 என்னும் மலிவு வகை மதர்போர்டில் அது சட்டப்படி அமரும். ஆனால் அவ்வளவு மின்சாரத்தைச் சீராக ஊட்டும் வலிமை அந்த வகைப் போர்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. போர்டு சூடேறும், பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விலையுயர்ந்த பிராசஸரைப் பெருமைக்காக வாங்கி, மிஞ்சிய சில்லறையில் போர்டு வாங்கும் வழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. இதைவிட நடுத்தரப் பிராசஸரும் அதற்கேற்ற நடுத்தரப் போர்டும் பன்மடங்கு மேல் என்பது என் கருத்து.

ராம் என்னும் நினைவகத்திற்கு வருவோம். இன்று கடையில் டிடிஆர்4, டிடிஆர்5 என இருவகை கிடைக்கின்றன. இரண்டிலும் தொடுமுனைகள் 288; நீளமும் ஒன்றே. ஆயினும் அடிவிளிம்பில் உள்ள வெட்டுவாய் இடம் மாறியிருக்கும். முன்னதற்கு 1.2 வோல்ட், பின்னதற்கு 1.1 வோல்ட் என்பதால், தவறாக நுழைந்துவிடாதபடி வேண்டுமென்றே அவ்வாறு அமைத்துள்ளனர். நுழையவில்லையே என்று கட்டைவிரலால் அழுத்துவோர் போர்டையே இழப்பர். ஏஎம்4 போர்டு டிடிஆர்4 மட்டுமே ஏற்கும். ஏஎம்5 போர்டு டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். எல்ஜிஏ 1700 போர்டுகளிலோ சில இதற்கும் சில அதற்கும் உரியவை. பெயர் ஒன்றுபோலவே இருக்கும், கடைசி எழுத்தில்தான் வேறுபாடு தெரியும். 16 ஜிபி வேண்டுமெனில் 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்குவது நல்லது. இரட்டை வழியில் தரவு பாயும். நான்கு இடமுள்ள போர்டில் அவற்றைப் பிராசஸரிலிருந்து எண்ணி 2ஆம், 4ஆம் இடங்களில் செருகுவதே பெரும்பாலான போர்டுகளின் முறை. 2025இன் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. அதன்பின் பழைய டிடிஆர்4 துண்டுகளைத் தேடி அலைவோர் பலர். தேடுவதில் தவறில்லை; போர்டு அதை ஏற்குமா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஈண்டு ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறலாம். தந்தை அரசுப் பேருந்தில் நடத்துநர். மகன் விஸ்காம் முதலாண்டு. இரண்டு ஆண்டுச் சேமிப்பை எடுத்துக்கொடுத்து, "பார்த்து வாங்குப்பா" என்று அனுப்பினார். பையனும் பலநாள் ஆராய்ந்தே வாங்கினான். சாக்கெட்டு சரி, ராம் சரி, எல்லாம் சரி. வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, தங்கை விளக்குப் பிடிக்க, அவனே யாவற்றையும் பூட்டினான். பொத்தானை அழுத்தியதும் விசிறிகள் சுழன்றன, விளக்குகள் எரிந்தன, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. மாலைவரை கழற்றி மாட்டியும் பயனில்லை. இரவுப் பணி முடிந்து வந்த தந்தை, "காசை எல்லாம் கரியாக்கிட்டியேடா" என்று ஒரு சொல் சொன்னார். அவன் பதில் சொல்லவில்லை. அன்று முதல் ஒரு வாரம் அவ்வீட்டில் இருவருக்கும் பேச்சில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தாய்தான் இருபுறமும் நகர்த்திக்கொண்டிருந்தார். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று தந்தை ஊரெல்லாம் கூறினார். இறுதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்கும் ஒருவரிடம் சென்றனர். அவர் பிராசஸர் அட்டைப்பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல படம் வர்ற வசதி கிடையாதே, கிராபிக்ஸ் கார்டு எங்கே?" என்றார்.

செய்தி இதுதான். இன்டெல் பிராசஸர்களில் எண்ணின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால், திரைக்குப் படம் அனுப்பும் உள்ளமைப்பு அதில் இயங்காது. ஐ5-12400 தானே படம் காட்டும். ஐ5-12400எஃப் தனிக் கிராபிக்ஸ் கார்டு இன்றிப் படம் காட்டாது. ஏஎம்4 ரைசன்களில் இது தலைகீழ்: ஜி என்ற எழுத்து உள்ளவையே படம் காட்டும்; 5600ஜி காட்டும், வெறும் 5600 காட்டாது. ஏஎம்5 வகையில் 7000 வரிசை ரைசன்கள் எளிய படவசதியோடு வருகின்றன. அங்கும் எஃப் என்று முடிபவை விலக்கு. அந்தப் பையன், கிராபிக்ஸ் கார்டை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்து, விலை குறைவென எஃப் வகையைத் தெரிந்துகொண்டான். கடைக்காரர் மீது குற்றமில்லை, கேட்டதைக் கொடுத்தார். பழுது பார்ப்பவர் தம்மிடமிருந்த பழைய கார்டு ஒன்றை மாட்டிக் காட்டியபோது திரை ஒளிர்ந்தது. மிச்சப்படுத்திய தொகையைப்போல் இருமடங்கு கொடுத்து அதையே வாங்கி வந்தனர். தந்தைதான் பெட்டியைத் தூக்கி வந்தாராம்; மகனைத் தூக்கவிடவில்லை.

இனி, மிகக் கவனிக்க வேண்டியதும் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதுமான உறுப்பு எஸ்.எம்.பி.எஸ். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதனை 12 வோல்ட்டாகவும் அதற்குக் கீழும் மாற்றி உறுப்புகளுக்கு ஊட்டுவது இதன் பணி. நம் ஊர்க் கடைகளில் மலிவுக் கேபினெட்டோடு இனாமாக ஓர் எஸ்.எம்.பி.எஸ். வருவதுண்டு. மேலே 450 வாட் என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அந்த எண்ணை நம்பாமல், பக்கவாட்டில் உள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்திற்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். உண்மையான 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். எனில் அங்கே ஏறத்தாழ 45 இருக்கும். 12ஐ 45ஆல் பெருக்க 540. இனாமாக வந்ததில் அந்த எண் மிகச் சிறியதாக இருப்பதைக் காணலாம்.

எவ்வளவு தேவை என்பதற்கு ஓர் எளிய கணக்கு. ஐ5-12400எஃப் அதிகபட்சம் 117 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு 115 வாட். போர்டு, ராம், விசிறிகள் முதலியவற்றுக்கு 60 என வைத்தால் 300க்குள் அடங்கும். இதற்கு 550 வாட் தரமானது போதும். கார்டு செய்த என்விடியா நிறுவனத்தின் பரிந்துரையும் அதுவே. ஆயிரம் வாட் வாங்கச் சொல்பவரிடம் நன்றி கூறி விடைபெறலாம். தரத்திற்கு '80 பிளஸ்' என்ற முத்திரை ஓர் அடையாளம்: சுவரிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் உறுப்புகளுக்குச் சேர்க்கிறது என்பது பொருள். 300 வாட் சேர்க்கச் சுவரிலிருந்து 375 எடுக்கும். மீதி 75 வெப்பமாகும்.

வாட் மட்டுமன்று, முனைகளும் பொருந்த வேண்டும். போர்டுக்கு 24 ஊசி முனை. பிராசஸருக்கு 8 ஊசி. கிராபிக்ஸ் கார்டுக்கு 6 அல்லது 8 ஊசி. கார்டு செருகப்படும் இடம் 75 வாட் வரை கொடுக்கும். மேற்கொண்டு 6 ஊசி முனை 75 வாட்டும், 8 ஊசி முனை 150 வாட்டும் தரும். பிராசஸருக்குரிய 8 ஊசியும் கார்டுக்குரிய 8 ஊசியும் உருவில் ஒத்தவை. உள்ளே மின்னோட்டத் திசை நேர்மாறு. பலவந்தமாகச் செருகினால் தீய்ந்துபோகும். கம்பிகளைக் கழற்றி மாட்டும் வகை எஸ்.எம்.பி.எஸ். வைத்திருப்போர், ஒரு நிறுவனத்தின் கம்பியை வேறு நிறுவனத்தின் பெட்டியில் ஒருபோதும் மாட்டலாகாது. முனை நுழையும், உள்வரிசை வேறாக இருக்கும், ஹார்டு டிஸ்க்கும் அதிலுள்ள குடும்பப் புகைப்படங்களும் ஒரு நொடியில் போய்விடும். மிக உயர்ந்த கார்டுகளுக்கென 600 வாட் வரை தாங்கும் புதுவகை முனை வந்தது. 2022இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகள் சிலவற்றில் அம்முனை உருகியது உலகெங்கும் செய்தியாயிற்று. படிக்கும் பிள்ளைக்கு அத்தகைய கார்டு வேண்டியதில்லை.

இதனோடு சேர்த்தே யூ.பி.எஸ். பற்றியும் கூற வேண்டும். மின்வெட்டு உள்ள ஊர்களில் அதுவும் கணிப்பொறியின் ஓர் உறுப்பே. 600 வோல்ட்-ஆம்பியர் என்று எழுதிய சிறு யூ.பி.எஸ்.கள் பலவும் 360 வாட் அளவே தாங்கும். மேற்கூறிய பொறி முழுவேகத்தில் உழைக்கையில் 375 எடுக்கும். திரைக்கு வேறு ஓர் இருபத்தைந்து. மின்சாரம் போன அந்நொடியே யூ.பி.எஸ்.சும் கீச்சிட்டு அணைந்துவிடும். பிள்ளை செய்துகொண்டிருந்த வேலை அதோடு போகும். ஆகவே, அதன் வாட் அளவைக் கேட்டு வாங்குங்கள். மூன்று ஊசிச் செருகியில் எர்த் இணைப்பு உண்மையிலேயே உள்ளதா என்பதையும் மின்பணியாளரைக் கொண்டு ஒருமுறை சோதித்துவிடுவது நலம். பழைய வீடுகளில் துளை மூன்று இருக்கும். பின்னால் கம்பி இரண்டே இருக்கும்.

எஸ்.எஸ்.டி. பற்றி நீட்ட வேண்டியதில்லை. பபிள்கம் பட்டை போன்ற எம்.2 வகை 22 மில்லிமீட்டர் அகலமும் பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளமும் உடையது. உருவம் ஒன்றாயினும் அதில் சாட்டா, என்விஎம்இ என இரு மொழிகள் உண்டு. போர்டின் துளை எம்மொழி பேசும் என்று பார்த்து வாங்க வேண்டும். சில போர்டுகளில் எம்.2 துளையை நிரப்பினால் பழைய ஹார்டு டிஸ்க்குக்கான இணைப்புகளில் ஒன்று செயலற்றுப்போகும். போர்டின் கையேட்டில் அது குறிக்கப்பட்டிருக்கும்.

கேபினெட்டில் மூன்று அளவுகள். ஏடிஎக்ஸ் போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. பெரிய கேபினெட்டில் சிறிய போர்டு அமரும்; சிறியதில் பெரியது அமராது. அடுத்து, பிராசஸர் மேல் நிற்கும் குளிர்விப்பானின் உயரம், கிராபிக்ஸ் கார்டின் நீளம்: இவ்விரண்டுக்கும் எவ்வளவு இடம் என்பது கேபினெட்டின் விவரத்தில் இருக்கும். குளிர்விப்பான் அரை அங்குலம் நீண்டதால் பக்கக் கதவை மூடாமலே வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பல்லிக்கு நல்ல வெதுவெதுப்பான இடம். போர்டின் துளைகளுக்கு நேராக மட்டுமே பித்தளைத் தாங்கிகள் இருக்க வேண்டும். துளையில்லா இடத்தில் ஒரு தாங்கி மிஞ்சி நின்றால், போர்டின் அடிப்புறத்தைத் தொட்டு மின்கசிவை உண்டாக்கும்.

வீட்டில் பழைய மானிட்டர் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்போர், அதில் பழைய நீலநிற விஜிஏ முனை மட்டுமே உள்ளதா என்று பாருங்கள். இன்றைய கிராபிக்ஸ் கார்டுகளில் அதற்குத் துளையில்லை. இடையே ஒரு மாற்றி வாங்க வேண்டும்.

பழைய உறுப்புகளை வாங்கி அமைப்போருக்கு மற்றொரு பொருத்தமும் உண்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், இன்டெல் எனில் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசஸரும் வேண்டும். 4ஆம் தலைமுறை ஐ7 மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டுப் பிறகு வருந்துவோரைக் காண்கிறோம். கட்டணமில்லா லினக்ஸ் அதில் நன்கு ஓடும் என்பதும் உண்மை. பிள்ளையின் கல்லூரி மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்பதே கேள்வி.

வாங்கும் முறை பற்றிச் சிறிது. எல்லா உறுப்புகளையும் இயன்றவரை ஒரே கடையில், ஒரே நாளில் வாங்குங்கள். நான்கு கடைகளில் வாங்கினால் சில நூறு ரூபாய் மிச்சமாகலாம். பொறி இயங்கவில்லையெனில் நால்வரும் ஒருவரையொருவர் கைகாட்டுவர். பட்டியலை எழுதிக்கொண்டு சென்று, "இவை ஒன்றுக்கொன்று பொருந்துமா?" என்று கேட்டு, பொருந்தும் என்பதை ரசீதிலேயே ஒரு வரி எழுதித் தரச் சொல்லலாம். நல்ல கடைக்காரர் தயங்கமாட்டார். கூலி கொடுத்துக் கடையிலேயே அசெம்பிள் செய்து, திரையில் படம் வருவதைப் பார்த்த பின்னரே எடுத்துவரலாம். பிள்ளை தானே பூட்ட விரும்பினாலும், போர்டு, பிராசஸர், ராம் மூன்றையுமாவது கடை மேசையில் வைத்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். ரசீதில் ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணும் இருக்கட்டும். வாரண்டி அந்த எண்ணுக்கே உரியது.

அட்டைப்பெட்டிகளை வாரண்டி முடியும்வரை பரண்மேல் வைத்திருங்கள். இன்டெல் போர்டுகளிலும் ஏஎம்5 போர்டுகளிலும் நுண்ணிய ஊசிகள் சாக்கெட்டில்தான் உள்ளன. அவற்றைக் காக்க ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி வைத்திருப்பார்கள். பிராசஸரை வைக்கும்போது அது கழன்றுவிடும். வாரண்டிக்காகப் போர்டைத் திருப்பி அனுப்பும் நாளில் அம்மூடி இல்லையெனில் ஏற்க மறுப்பதுண்டு. பிள்ளைகள் அதைக் குப்பையில் எறிந்துவிடுவர். எடுத்து, ரசீதோடு ஓர் உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.